வழுக்கை யார் குற்றம்?

(மும்பை தாராவியில், தமிழ் கற்போர் மையம் ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று பாடம் கிடையாது. நோட்டை மூடி வையுங்கள். இன்று தலைமுடியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். என் தலையைப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு வயது 26. பார்த்தால் முப்பத்தைந்து என்று சொல்வீர்கள். பரவாயில்லை. இந்தத் தலையை வைத்துக்கொண்டு இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாவது வரை படித்தவன். பகலில் தோல் பை பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் உங்களோடு உட்காருகிறேன். இங்கே சொல்லப் போவது தோல் நோய் டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு நாள் வகுப்பு முடிந்தது. விளக்கை அணைக்கப் போனேன். ஒரு அக்கா மட்டும் போகாமல் நின்றார். அவர் சம்மதம் கேட்டுத்தான் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவர் கையில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் இருந்தது.

“தம்பி, இதை நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ‘முப்பது நாளில்’னு போட்டிருக்கு. ‘வழுக்கை’னு போட்டிருக்கு. இந்த ஒரு வார்த்தைதான் வரல” என்றார்.

அந்த வார்த்தை ‘பரம்பரை’. ‘பரம்பரை வழுக்கையும் தீரும்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

“பரம்பரைன்னா?” என்று கேட்டார்.

“தலைமுறை தலைமுறையா வர்றது அக்கா. அப்பா, தாத்தாகிட்ட இருந்து வர்றது” என்றேன்.

அக்கா பேசாமல் நின்றார். அப்புறம் அழுதுவிட்டார். அவருடைய மகனுக்கு 25 வயது. முன்நெற்றி ஏறிவிட்டது. உச்சியிலும் முடி மெலிந்துவிட்டது. இரண்டு இடத்தில் பெண் பார்த்துத் தட்டிப் போய்விட்டது. அதற்கு வீட்டில் யாரைத் திட்டுகிறார்கள் தெரியுமா? அக்காவைத்தான். “உங்க அப்பன் மண்டைதான் என் பேரனுக்கும் வந்திருக்கு. பொண்ணு எடுக்கும்போதே பாத்து எடுத்திருக்கணும்” என்று மாமியார் தினமும் சொல்கிறாராம். நோட்டீஸ்காரர்கள் ஆறு மாத மருந்துக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். அக்கா தன் கம்மலை அடகு வைக்க முடிவு செய்துவிட்டார். அந்த வீட்டில் இருக்கும் தங்கம் அந்தக் கம்மல் மட்டும்தான்.

அன்று அவருக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “இரண்டு வாரம் பொறுங்க அக்கா, கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றேன். கேட்டு வந்ததைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். ஏனென்றால் இந்த நோட்டீஸ் அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

முதலில் முடி எப்படி வளர்கிறது என்று பார்ப்போம்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடிக்கும் தோலுக்குள் ஒரு வேர்க்கால் உண்டு. அதிலிருந்து முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இப்படி இரண்டு முதல் ஆறு வருடம் வரை வளரும். பிறகு அந்த வேர்க்கால் ஓய்வு எடுக்கும். மூன்று மாத ஓய்வு. ஓய்வு முடியும்போது பழைய முடி விழும், புது முடி முளைக்கும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் ஓய்வு எடுப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். சீப்பில் பத்து முடியைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

ஆண்களுக்கு வழுக்கை விழும்போது நடப்பது வேறு. அங்கே வேர்க்கால் செத்துப் போவதில்லை. சிறுத்துப் போகிறது. ஒவ்வொரு முறை விழுந்து முளைக்கும்போதும் முடி முன்பைவிட மெலிதாக முளைக்கிறது. கொஞ்ச காலம்தான் வளர்கிறது. கடைசியில் பூனை முடி போல ஆகிவிடுகிறது. வழுக்கைத் தலையை வெயிலில் உற்றுப் பாருங்கள். பூனை முடி தெரியும். வேண்டுமானால் என் தலையிலேயே பார்க்கலாம், காசு கிடையாது.

வேர்க்கால் ஏன் சிறுக்கிறது? ஆண்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. மீசை முளைப்பதும் குரல் உடைவதும் அதனால்தான். உடம்பு அந்த ஹார்மோனில் ஒரு பகுதியை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றுகிறது. அதற்குச் சுருக்கமாக டிஹெச்டி என்று பெயர். சிலருடைய நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்களுக்கு இந்த டிஹெச்டி ஒத்துக்கொள்ளாது. அது பட்டுப் பட்டு அவை சிறுத்துவிடும். பின்னந்தலையிலும் காதுக்கு மேலேயும் உள்ள வேர்க்கால்களை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால்தான் முழு வழுக்கை விழுந்தவருக்கும் பின்னால் ஒரு வளையம் மிஞ்சுகிறது.

இதைக் கேட்டதும் பின்வரிசை அண்ணாச்சி ஒருவர் மீசையை முறுக்குகிறார். வழுக்கை விழுந்தவனுக்கு ஆண்மை அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி இல்லை அண்ணாச்சி. ஹார்மோன் அளவு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேர்க்கால் அதை எப்படித் தாங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்று ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தார். வயதுக்கு வருவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களை அவர் பார்த்தார். அவர்களில் யாருக்கும் வழுக்கை விழவில்லை. பிறகு அவர்களில் சிலருக்கு ஆண் ஹார்மோன் ஊசி போடப்பட்டது. என்ன ஆயிற்று? எந்தக் குடும்பத்தில் வழுக்கை உண்டோ அந்தக் குடும்பத்து ஆட்களுக்கு முடி விழுந்தது. வழுக்கை இல்லாத குடும்பத்து ஆட்களுக்கு அதே ஊசி போட்டும் முடி விழவில்லை. இதை அவர் 1942-ஆம் ஆண்டில் எழுதினார். ஆக, இரண்டும் சேர வேண்டும். ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். யாருடைய பரம்பரை? அம்மா வீடா, அப்பா வீடா?

நம் உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்புகள் மரபணுக்களில் இருக்கின்றன. மரபணுக்கள் குரோமோசோம் என்ற இழைகளில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் 46 இழைகள். 23 அம்மா கொடுத்தது, 23 அப்பா கொடுத்தது. அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். ஆண் பிள்ளைக்கு ஒய் இழையை அப்பா கொடுக்கிறார். எக்ஸ் இழையை அம்மா கொடுக்கிறார்.

ஆண் ஹார்மோனை வேர்க்கால் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைச் சொல்லும் ஒரு முக்கியமான மரபணு இந்த எக்ஸ் இழையில் இருக்கிறது. அதை மகனுக்கு அம்மாதான் கொடுக்க முடியும். ‘அம்மாவைப் பெற்ற தாத்தாவின் மண்டையைப் பார்’ என்று உலகம் முழுக்கச் சொல்வதில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். இதிலேயும் ஒன்று கவனியுங்கள். அம்மாவிடம் இரண்டு எக்ஸ் இழைகள் உண்டு. ஒன்று அவருடைய அப்பா கொடுத்தது, மற்றொன்று அவருடைய அம்மா கொடுத்தது. மகனுக்கு எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பல சமயம் இரண்டும் கலந்தே போகும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அந்த மாமியார் சொன்னது பாதி சரி என்று ஆகியிருக்கும். ஆனால் முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு பிரிட்டனில் 52,000 ஆண்களின் மரபணுக்களை ஆராய்ந்து ஒரு அறிக்கை வந்தது. வழுக்கையோடு தொடர்புள்ள இடங்கள் 280-க்கும் மேல் கண்டுபிடித்தார்கள். அவற்றில் எக்ஸ் இழையில் இருந்தவை 40 மட்டுமே. மற்றவை எல்லாம் அப்பா அம்மா இருவரும் சமமாகக் கொடுக்கும் இழைகளில் இருந்தன. எக்ஸ் இழையில் இருப்பதற்குப் பலம் கொஞ்சம் அதிகம், அது உண்மை. ஆனாலும் அப்பா வீட்டுப் பங்கு இல்லை என்று யாரும் கையைக் கழுவ முடியாது.

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு 75 வயதிலும் அள்ளி முடியும் அளவுக்கு முடி இருந்தது. என் அப்பாவுக்கு முப்பது வயதில் வழுக்கை. எனக்கு யார் தலை வந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இதை அந்த அக்கா வீட்டுக்கே போய் மாமியாரிடமும் சொன்னேன். அந்த ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் இடிப்பதை நிறுத்திவிட்டு, “எங்க வீட்டுக்காரரு எப்பவும் தலையில துண்டு கட்டியிருப்பாரு. எதுக்குக் கட்டுனாரு? ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதானே கட்டுனாரு” என்றார். அக்காவுக்குக் கல்யாணமாகி 27 வருடம். மாமனாரைத் துண்டு இல்லாமல் அவர் பார்த்ததே இல்லையாம்.

பரம்பரைக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு வழுக்கை விழுந்து இன்னொருவருக்கு விழாமல் இருக்கும் வித்தியாசத்தில் ஐந்தில் நான்கு பங்கு பரம்பரையால் வருகிறது என்று 2003-ஆம் ஆண்டு சொன்னார்கள். அப்படியானால் மகனுக்கு நிச்சயம் வருமா? நிச்சயம் என்று சொல்ல முடியாது. அண்ணனுக்கு விழும், தம்பிக்கு விழாது. அத்தனை மரபணுக்களில் யாருக்கு எது எது சேர்ந்தது என்பதைப் பொறுத்தது.

அடுத்து, தண்ணீர். “பம்பாய்த் தண்ணி ஒத்துக்கல, ஊர்ல இருந்தவரைக்கும் முடி நல்லா இருந்துச்சு” என்று இங்கே பத்தில் எட்டுப் பேர் சொல்கிறீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். ஊரைவிட்டு எந்த வயதில் வந்தீர்கள்? பதினெட்டு, இருபது. வழுக்கை தொடங்குகிற வயதும் அதுதான். ஊரிலேயே இருந்திருந்தாலும் விழுந்திருக்கும். தாமிரபரணித் தண்ணீரில் பிறந்ததிலிருந்து குளித்த என் பெரியப்பாவுக்குத் தலையில் ஒன்றும் இல்லை. இங்கே அதே குழாயில் பிடித்த தண்ணீரில் குளிக்கும் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு உச்சி வழுக்கை விழவில்லையே, ஏன்? உப்புத் தண்ணீரில் முடி வறண்டு சிக்கு விழும். நடுவில் ஒடியும். ஆனால் வேர்க்காலைச் சிறுக்க வைக்கும் வேலை அதற்குத் தெரியாது.

தொப்பி போட்டால் வழுக்கை விழாது, ஹெல்மெட் போட்டாலும் விழாது. அழுக்கோடு போட்டால் அரிக்கும், அவ்வளவுதான். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பதும் இல்லை. வெட்டுபட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரியும். நான் மூன்று முறை மொட்டை போட்டவன், அனுபவத்தில் சொல்கிறேன். சாமிக்குப் போடுங்கள், முடிக்காகப் போட வேண்டாம்.

ஆனால் தண்ணீரும் சாப்பாடும் ஒருபோதும் காரணம் ஆகாது என்றும் நான் சொல்ல வரவில்லை. நம் மகாராஷ்டிரத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புல்டாணா மாவட்டத்தில் ஷேகாவ் என்று ஒரு ஊர். கஜானன் மகராஜ் கோயில் அங்கேதான் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு கடைசியிலும் 2025 ஜனவரியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் திடீரென்று முடி கொட்டியது. ஆண், பெண், பிள்ளைகள் என்று வித்தியாசம் இல்லை. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. சில நாட்களிலேயே மொட்டையாகிவிட்டார்கள். ஊரே நடுங்கியது. தண்ணீர்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். பூஞ்சையாக இருக்குமோ என்றும் பார்த்தார்கள். டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கரைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேள் கடிக்கு மருத்துவம் கண்டு புகழ் பெற்றவர். அவர் அந்த ஊர்களுக்குப் போய் ஆராய்ந்தார். ரேஷன் கோதுமையில் செலினியம் என்ற சத்து அளவுக்கு மிஞ்சி இருந்தது என்றும், அதுவே காரணம் என்றும் சொன்னார். செலினியம் உடம்புக்குத் துளி வேண்டும். அதிகமானால் முடி கொட்டும், நகமும் கெடும். அந்த ஊர்களில் பலருக்கு முடி திரும்ப முளைத்தது. வேர்க்கால் சிறுக்கவில்லை, அதனால் முளைத்தது.

இப்படித் திடீரென்று கொட்டுவதற்கும் பரம்பரை வழுக்கைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும், பாதிப் பணம் மிச்சம். பரம்பரை வழுக்கை மெதுவாக, வருடக் கணக்கில் வரும். நெற்றி ஓரத்தில் ஏறும், உச்சியில் மெலியும். வலிக்காது, அரிக்காது. திடீரென்று கொத்துக் கொத்தாக விழுந்தால் அது வேறு. டைபாய்டு, டெங்கு, கொரோனா போன்ற காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படி விழும். பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு விழும். ரத்தச் சோகை, தைராய்டு இவற்றாலும் விழும். காரணத்தைச் சரி செய்தால் முடி பெரும்பாலும் திரும்பி வரும். அந்த நேரத்தில்தான் எண்ணெய்க்காரர்கள் நல்ல பெயர் வாங்குகிறார்கள். தானாக வந்த முடியை அவர்கள் எண்ணெய் கொண்டுவந்தது என்று சொல்லி விற்பார்கள். காசு அளவு வட்டமாக முடி போனால் அது புழுவெட்டு. பிள்ளைகள் தலையில் செதிலும் அரிப்புமாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது அடுத்த பிள்ளைக்கும் ஒட்டும். இந்த எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதிக்க வேண்டாம்.

சரி, பரம்பரை வழுக்கையைத் தடுக்க முடியுமா?

வராமலே தடுக்க முடியாது. வெங்காயம், கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, தேங்காய் எண்ணெய் எல்லாம் தடவலாம். முடி பளபளப்பாக இருக்கும், தலை குளிரும். பரம்பரை வழுக்கையை அவை நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. முட்டை, பருப்பு, கீரை சாப்பிடுங்கள். உடம்புக்கு நல்லது. அதனாலும் இந்த வழுக்கை நிற்காது.

கொஞ்சம் தாமதப்படுத்தலாம். அதற்கு இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று மினாக்சிடில். இது முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர ஆரம்பித்தது. அதைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். 1988-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. தினமும் தடவ வேண்டும். முதல் சில வாரங்களில் முடி இன்னும் கொஞ்சம் விழும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. பலன் தெரிய நான்கைந்து மாதம் ஆகும். எல்லோருக்கும் பலன் கிடைக்காது. நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைமைக்கே வந்துவிடும். அதாவது, வாழ்நாள் முழுக்க மாதம் சில நூறு ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதையும் கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று பினாஸ்டிரைடு. மாத்திரை. உடம்பில் டிஹெச்டி உண்டாவதைக் குறைக்கும். 1997-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை வாங்கிச் சாப்பிடக் கூடாது. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறைகிறது, சிலருக்கு மனம் சோர்ந்துபோகிறது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் கெடுதல். நம் வீடு பத்துக்குப் பத்து. ஒரே அலமாரியில்தான் எல்லா மருந்தும் கிடக்கிறது. ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது, முடி நடுவது. பின்னந்தலையில் இருந்து வேர்க்காலோடு எடுத்து முன்னால் நடுவார்கள். பெரிய செலவு. அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் வேலை இல்லை இது, அறுவை சிகிச்சை. 2019-ல் இதே மும்பையில் 43 வயது வியாபாரி ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு இறந்து போனார். பயிற்சி பெற்ற டாக்டர்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவுறுத்தியது.

இப்போது அந்த மஞ்சள் நோட்டீசுக்கு வருகிறேன். நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் என்று ஒன்று உண்டு. அதில் ‘ஜே’ என்ற அட்டவணை இருக்கிறது. அதில் உள்ள நோய்களைத் தடுப்போம், குணமாக்குவோம் என்று சொல்லி எந்த மருந்தையும் விற்கக் கூடாது. அந்த அட்டவணையில் புற்றுநோய் இருக்கிறது. எய்ட்ஸ் இருக்கிறது. வழுக்கையும் இருக்கிறது. ‘முப்பது நாளில் வழுக்கை தீரும்’ என்று அச்சடித்ததே விதியை மீறியதுதான்.

இதை நான் சொல்வதற்கு முன்பே அந்த அக்கா ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவது நாள் நோட்டீசைத் திரும்பக் கொண்டுவந்தார். “தம்பி, மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுட்டேன். போன் நம்பர் இருக்கு. கடை எங்க இருக்குன்னு போடலியே. ‘பணம் வாபஸ்’னு போட்டிருக்கு. எங்க போயி வாங்குறது?” என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் தெரியுமா? பன்னிரண்டாவது படித்த நான் 21 வயதில் இப்படி ஒரு இடத்தில் பணம் கட்டியவன். தலையைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார்கள். “இன்னும் ஆறு மாசம் விட்டா ஒண்ணும் செய்ய முடியாது” என்று பயமுறுத்தினார்கள். தவணையில் கட்டினேன். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவே இல்லை. அதை நான் திருப்பிப் பார்க்கவும் இல்லை. நான்காவது தவணை கட்டப் போன அன்று கதவில் பூட்டுத் தொங்கியது. அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் அனுப்பவில்லை. அம்மாவிடம் பட்டறையில் சம்பளம் தரவில்லை என்று பொய் சொன்னேன்.

அக்காவின் மகனை நகராட்சி ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். முதலில் வர மாட்டேன் என்றான். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வந்தான். கேஸ் பேப்பர் எடுத்து, தோல் நோய்ப் பிரிவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். டாக்டரம்மா பார்த்தார். பரம்பரை வழுக்கைதான் என்றார். தடவும் மருந்தைப் பற்றி விளக்கினார். மாத்திரையைப் பற்றியும் சொன்னார். “கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றாலும் உங்கள் உடம்புக்கு ஒன்றும் ஆகாது” என்றார். வெளியே வந்ததும் அவன் கேட்டான்: “ஒண்ணும் ஆகாதுன்னா பொண்ணு வீட்டுக்காரங்க ஏண்ணே வேண்டாங்கிறாங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடமும் இருந்திருக்காது. பெண் வைத்திருக்கும் பெற்றோர் இந்தக் கூட்டத்திலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். மாப்பிள்ளை குடிப்பானா, வேலைக்கு ஒழுங்காகப் போவானா என்று விசாரிக்கிறீர்கள். போட்டோவில் நெற்றியையும் அளக்கிறீர்கள். நீங்கள் மட்டும்தான் அவனுக்குப் பதில் சொல்ல முடியும்.

அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. மருந்துக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறான். போன வாரம் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். நன்றாகத்தான் இருந்தது. தொப்பியும் போடவில்லை. கம்மல் அடகுக்குப் போகவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். ஒருவருக்குக் காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டுகிறது, இன்னொரு வீட்டில் பிள்ளைக்குத் தலையில் செதில். யாராவது வருவதாக இருந்தால் காலை எட்டு மணிக்கு மையத்து வாசலுக்கு வந்துவிடுங்கள். பழைய கேஸ் பேப்பர் இருந்தால் எடுத்து வாருங்கள். இப்போது தடவுகிற எண்ணெய், சாப்பிடுகிற மாத்திரை எதுவானாலும் பாட்டிலோடு, அட்டையோடு கொண்டு வாருங்கள். வரிசையில் நிற்கும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து படிப்போம்.